நிலவறை நெருப்பு

சொந்த வீடு என்று ஒன்று எனக்கு வாய்த்தபோது வயது முப்பத்தைந்து. அது யாழ்ப்பாணத்திலும் இல்லை, புத்தளத்திலும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கங்களால் பெருத்து, அவை மூடப்பட்டபின் மெலிந்துபோன ஷெனண்டோவா என்ற சிற்றூரில் இருந்தது. 1910 இல் 25,000 பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். 2014 இல் நாங்கள் குடிபோனபோது ஏறத்தாழ 5,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

ஆட்கள் போய்விட்ட ஊரில் வீடுகள் மலிவு. வட்டிக்குக் கடன் எடுத்து வீடு வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹேசில்டன் பக்கத்துக் களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த காசுக்கு வேறு ஊர்களில் ஒரு அறைகூடக் கிடைத்திராது. இங்கே 28,000 டொலருக்கு ஒரு வீட்டின் பாதி கிடைத்தது. நடுச்சுவரைப் பொதுவாகக் கொண்ட இரட்டை வீட்டின் ஒரு பக்கம். மறுபக்கத்தில் லித்துவேனிய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு கிழவர் தனியாக இருந்தார். அவருடைய தகப்பன் சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு மௌத்தானவர்.

வீட்டைப் பார்க்கப்போன அன்று நிலவறைக்கு இறங்கினோம். நடுவில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உலை. அதன் தலையிலிருந்து தகரக் குழாய்கள் நாலாபக்கமும் கிளைவிட்டு மேல்தளத்துக்குப் போயின. மூலையில் பலகை அடித்த தொட்டி நிறையக் கரி. சூடான காற்று தானாக மேலெழும்பி, தரையில் பதித்த கம்பிச் சட்டங்கள் வழியாக அறைகளுக்குள் வரும் என்று விற்பவர் சொன்னார். விசிறியும் இல்லை, மின்சாரமும் தேவையில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "பிள்ளைகள் படுக்கிற அறைக்குக் கீழே இரவெல்லாம் நெருப்பு எரியுமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. விலை மட்டும் இருந்தது.

வாங்குவதும் இலேசாக முடியவில்லை. நிலக்கரி உலை என்றதும் ஒரு காப்புறுதிக் கம்பனி மறுத்துவிட்டது. இன்னொன்று புகைபோக்கியைப் பரிசோதித்த சான்றிதழ் கேட்டது. நிலத்தின் கீழே பழைய சுரங்கங்கள் ஓடுவதால் நிலம் தாழ்ந்தால் இழப்பீடு தர மாநில அரசே தனியாக ஒரு காப்புறுதி நடத்துகிறது. அதற்கும் கையெழுத்து வைத்தேன். மேலே நெருப்பு, கீழே பள்ளம், நடுவில் எங்கள் வீடு.

அந்தப் பகுதியில் எடுக்கப்படுவது அந்த்ரசைற் என்னும் கெட்டிக் கரி. கையில் பிடித்தால் கண்ணாடிபோல மினுங்கும். இலேசில் பற்றாது. பற்றிக்கொண்டால் புகையில்லாமல், குட்டை நீலச் சுவாலையோடு மணிக்கணக்காக நின்றெரியும். அளவுக்கு ஏற்ப அரிசி, பட்டாணி, கொட்டை என்று அதற்குப் பெயர்கள். எங்கள் உலைக்குக் கொட்டை. முதல் வருடம் தொன் ஒன்று 200 டொலரளவில் விற்றது. லொறிக்காரர் நிலவறை யன்னலில் தகரச் சறுக்கு ஒன்றை வைத்துக் கொட்டினார். அந்தச் சத்தம் பக்கத்துக் கிழவரைப் படியிறங்கி வரச் செய்தது. அன்றிலிருந்து அவர்தான் என் உஸ்தாத்.

விறகைப்போல மேலிருந்து கிண்டக் கூடாது, கிண்டினால் அணைந்துவிடும் என்றார். கீழே உள்ள கைபிடியை ஆட்டிச் சாம்பலை உதிர்க்க வேண்டும். சாம்பல் தட்டில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். புதுக் கரி போடும்போது முழுவதையும் மூடாமல் ஒரு மூலையில் தணலைத் திறந்துவிட வேண்டும். கரியிலிருந்து கிளம்பும் வாயு அந்தத் தணலில் பற்றி எரிந்துவிடும். பற்றாமல் கூடிநின்றால் வெடித்துக் கதவைத் திறக்கும். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில்தான் அள்ள வேண்டும். ஆறியபின் உறைபனி வழுக்கும் நடைபாதையில் தூவலாம். இவ்வளவையும் அவர் ஒரே நாளில் சொன்னார். நான் கற்றுக்கொள்ள ஒரு மாரிகாலம் பிடித்தது.

2015 இல் உம்மா வந்து சேர்ந்தார். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தால் புத்தளத்தில் எல்லோருக்கும் நிலக்கரி தெரியும். "அந்தக் கரியையா வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

உம்மாவுக்கும் நெருப்புக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1990 ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. சோனகத் தெருவில் எங்கள் வீட்டு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். பிறகு இரண்டு மணித்தியாலம் என்றார்கள். எனக்குப் பதினொரு வயது. புத்தளத்தில் தில்லையடிக் கிடுகுக் கொட்டிலில் முதல் இரவு உம்மா வாப்பாவிடம் கேட்டது இன்றும் என் காதில் நிற்கிறது. "அடுப்பை நூத்துட்டா வந்தனான்? ஞாபகம் இல்ல." வாப்பா நூத்ததாகவே சொன்னார். அவர் பார்க்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2001 இல் வாப்பா மௌத்தாகும்வரை உம்மா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் கேட்கத் தொடங்கினார்.

ஒருநாள் பக்கத்தில் உள்ள சென்ட்ரேலியாவைக் காட்டக் கூட்டிப்போனேன். அங்கே 1962 இல் நிலத்தடிக் கரிப்படையில் பற்றிய நெருப்பு இன்றும் அணையவில்லை. 1984 இல் அமெரிக்கக் காங்கிரஸ் 42 மில்லியன் டொலர் ஒதுக்கிச் சனங்களை இடம்மாற்றியது. தெருக்கள் இருக்கின்றன, வீடுகள் பெரும்பாலும் இல்லை. உம்மா காரை விட்டு இறங்கவில்லை. "இவங்களுக்கு எவ்வளவு நேரம் குடுத்தாங்க?" என்று கேட்டார். வருசக்கணக்கில் என்றேன். "அப்படியெண்டாலும் கவலைதான்" என்றார்.

2016 மார்ச்சில் ஓர் இரவு. பனி தணிந்து மழை தூறிக்கொண்டிருந்தது. வெளியே குளிர் குறைந்தால் புகைபோக்கியின் இழுவையும் குறையும் என்று கிழவர் சொல்லியிருந்தார். நான் வேலைக்குப் போகாத நாள், நித்திரைக் கண்ணோடு கரியை வாரிப்போட்டுக் காற்றுக் கதவை இறுக்கிவிட்டுப் படுத்தேன். மூன்று மணிக்கு அலாரம் கத்தியது. காபனோரொட்சைட்டு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. மனைவிக்குத் தலையிடி. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நடுச்சுவருக்கு அப்பால் கிழவரின் கதவைத் தட்டி அவரையும் எழுப்பினேன். தொண்டர் தீயணைப்பு வீரர்கள் வந்து, எல்லோரும் தெருவுக்குப் போங்கள், ஒன்றையும் எடுக்கப் போகவேண்டாம் என்றார்கள்.

உம்மா முக்காட்டோடு, என் மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெரு விளக்கின் கீழே நின்றார். மகளின் கையைப் பிடித்திருந்தார். அவருக்கு இங்கிலீசு தெரியாது. சீருடை போட்டவர்கள், தொப்பிகள், சத்தம், எல்லோரும் வெளியே. என்னைப் பக்கத்தில் இழுத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் தந்திருக்காங்க மகன்?"

எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. மனைவிதான் சொன்னாள். "மாமி, காத்து மாறின உடனே உள்ளுக்குப் போகலாம். ஒரு மணித்தியாலம் செல்லுமாம்."

"திரும்பிப் போகலாமாமா?"

"ஓம் மாமி."

நம்பவில்லை. என்னிடம் இன்னொரு முறை கேட்டார். நானும் ஓம் என்றேன். அந்த ஒரு மணித்தியாலமும் கண்ணெடுக்காமல் எங்கள் வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகலாம் என்று வீரர் கையைக் காட்டியதும் முதலில் படியேறியவர் அவர்தான்.

காலையில் கிழவரும் நானும் உலைக்கும் புகைபோக்கிக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றினோம். பாதிக்கு மேல் மாவுபோன்ற சாம்பல். மாதத்துக்கு ஒருமுறை தட்டித் துப்புரவாக்கச் சொல்லியிருந்தார். நான் மாரி தொடங்கியதிலிருந்து தொட்டிருக்கவில்லை. கிழவர் ஒன்றும் சொல்லவில்லை, தூரிகையை என் கையில் தந்தார். ஏச்சு வாங்கியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

மனைவி உலையைக் கழற்றி எறிந்துவிட்டு எண்ணெய்ச் சூடாக்கி பூட்டச் சொன்னாள். அவள் கேட்டது நியாயம். எங்களிடம் அதற்குக் காசு இருக்கவில்லை. கடன் என்றால் வட்டி. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் உம்மா நிலவறைக்கு இறங்கிவந்தார். உலையைச் சுற்றிப் பார்த்தார். "நெருப்பில பிழை இல்ல. அதின்ட வழியை அடைச்சது நீ" என்றார். பிறகு மேலே போய் மருமகளிடம் என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் அலாரம், மாதா மாதம் குழாய், வருடத்துக்கு ஒருமுறை புகைபோக்கி என்ற நிபந்தனைகளோடு மனைவி உடன்பட்டாள். நிலவறைச் சுவரில் நாட்காட்டி ஒன்று தொங்கியது. குழாய் துடைத்த நாளில் அவளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடையாளம் போடுவாள்.

மே மாதம் வந்தது. அந்தப் பருவத்துக்கு உலையை ஆறவிட வேண்டிய நாள். உம்மா தானும் வருவதாகச் சொன்னார். கரி போடாமல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சாம்பல் தட்டை இழுத்து வைத்தேன். உம்மா குனிந்து, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பார்த்தார். ஊரில் காலையில் அடுப்புச் சாம்பலைக் கிளறித் தணல் இருக்கிறதா என்று பார்க்கும் அதே கை. உலைக் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார். கதவைத் தானே சாத்திக் கொளுக்கியைப் போட்டார்.

"நூந்துட்டு" என்றார். படியேறும்போது, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல், "இதை நான் கண்ணால பார்த்தனான்" என்றார்.

அதன் பிறகு உம்மா பழைய கேள்வியை நிறுத்திவிட்டார் என்று சொன்னால் அது பொய். இப்போதும் கேட்கிறார், ஆனால் குறைவாக. அப்படிக் கேட்கும் நாட்களில் நான் வாப்பாவைப்போல நூத்ததாகச் சொல்வதில்லை. "தெரியாதும்மா" என்கிறேன். பிறகு இருவருமாக நிலவறைக்கு இறங்கி எங்கள் உலையைப் பார்த்துவிட்டு வருகிறோம்.