சனிக்கிழமைப் படங்களும் ஒரு சுவரும்

குன்றத்தூரில், முருகன் கோயில் மலைக்குக் கீழே உள்ள ஒரு பழைய வீட்டின் கூடத்தில், 2009ஆம் ஆண்டில் பெரும்பாலான சனிக்கிழமை மாலைகளை நாங்கள் நால்வரும் கழித்தோம். பல்லாவரத்திலிருந்து இருவர், பம்மலிலிருந்து ஒருவர், தாம்பரத்திலிருந்து ஒருவர். வீடு எங்கள் தமிழாசிரியருடையது. ஐயாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. அவருடைய துணைவியார் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது விட்டுச்சென்ற பெரிய தொலைக்காட்சியும், பேரன் விளையாடிய வீடியோ கேம் பெட்டியும் கூடத்தில் தூசி படிந்து கிடந்தன. நல்ல படங்களைச் சேர்ந்து பார்க்கலாமே என்று நாங்கள் சொன்னபோது ஐயா மறுக்கவில்லை. வீட்டில் நாலு குரல் கேட்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

எங்களில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த டிவிடி தட்டுகளே எங்கள் செல்வம். ஆனால் டிவிடி உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்கத் தட்டுகள் 1ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். இங்கே வாங்கிய அந்தப் பெட்டி அமெரிக்கத் தட்டை ஏற்க மறுத்தது. எனவே படங்களை ஐயாவின் கணினியில் ஏற்றிவைத்து, வீட்டுக்குள்ளிருக்கும் வைஃபை வழியாகப் பெட்டிக்கு அனுப்பிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இதற்கான பொது விதிகளைப் பல நிறுவனங்கள் கூடி 2003இல் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு வகுத்திருந்தது. டிஎல்என்ஏ என்பது பிற்பாடு அதற்கு வந்த பெயர். கணினியில் ஓர் இலவச மென்பொருளை நிறுவினால் போதும், தொலைக்காட்சித் திரையில் படங்களின் பட்டியல் தோன்றும். தோன்றியது. படம்தான் ஓடவில்லை, விட்டுவிட்டு நடந்தது.

முதலில் பார்த்தது சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964). ஊஞ்சல் ஆடும் புகழ்பெற்ற காட்சியில் சாரு நடுவானில் நின்றாள். பிறகு இரண்டு வீச்சை ஒரே தாவலில் கடந்தாள். படம் முழுவதும் இப்படியே. கடைசியில் கணவனும் மனைவியும் ஒருவரை நோக்கி ஒருவர் கை நீட்டும் இடத்தில் படம் மறுபடி உறைந்தது. எங்களில் ஒருவர் அலுத்துக்கொண்டே எழுந்து கணினியைப் பார்க்க உள்ளே போனார். ராய் அந்தப் படத்தை அப்படி உறைந்த சட்டகங்களில்தான் முடித்திருக்கிறார் என்பது அவர் திரும்பி வந்த பிறகே எங்களுக்கு உறைத்தது. சிரித்தோம். ஆனால் பேருந்தில் வீடு திரும்பும்போது அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. இயக்குநர் நிறுத்தியதற்கும் இயந்திரம் நிறுத்தியதற்கும் வேறுபாடு தெரியாமல் பார்ப்பது என்ன பார்ப்பது?

அடுத்த வாரங்களில் குற்றவாளியைத் தேடினோம். முதலில் அகப்பட்டது வசனத் தமிழாக்கமோ ஆங்கிலமோ திரையின் அடியில் ஓடும் எழுத்துகள். டிவிடியில் அவை படத்திலிருந்து தனியே இருக்கும். பெட்டிக்கு அவற்றைத் தனியே காட்டத் தெரியவில்லை. ஆகவே மென்பொருள் ஒவ்வொரு சட்டகத்தையும் பிரித்து, அதன்மேல் எழுத்தைப் பதித்து, மீண்டும் சுருக்கி அனுப்ப வேண்டியிருந்தது. வினாடிக்கு 24 சட்டகம். ஐயாவின் பழைய கணினி மூச்சு வாங்கியது. அதன் விசிறிச் சத்தம் கூடம்வரை கேட்டது. அந்த வேலையை முந்தைய இரவே செய்து முடித்து, எழுத்து பதிந்த புதிய கோப்பாக வைத்துக்கொண்டோம். விசிறி அடங்கியது. திணறல் பாதிதான் குறைந்தது.

பென்டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகிவிடலாம் என்றார் ஒருவர். அந்தப் பெட்டி ஏற்கும் வடிவத்தில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. படத்தைத் துண்டாக்க வேண்டும். துண்டு முடியும் இடத்தில் படம் நிற்கும். நிற்காமலிருக்கத்தானே இவ்வளவு பாடும்?

பிறகுதான் ஊகங்களை விட்டு அளக்க ஆரம்பித்தோம். 100 மெகாபைட் கோப்பு ஒன்றைக் கணினியிலிருந்து கூடத்திலிருந்த மடிக்கணினிக்கு வைஃபையில் அனுப்பினோம். 2 நிமிடம் 40 வினாடி ஆயிற்று. கணக்குப் போட்டால் வினாடிக்கு 5 மெகாபிட். எங்கள் படங்களுக்குச் சராசரியாக 6, நெரிசலான காட்சிகளில் 9 வரை வேண்டும். ரௌட்டரின் அட்டைப்பெட்டியிலோ 54 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அந்த 54 காகிதக் கணக்கு. நல்ல சூழ்நிலையிலும் கைக்கு வருவது 20 அளவில்தான். அதிலும் எங்கள் படம் காற்றில் இருமுறை பயணம் செய்தது: உள்ளறைக் கணினியிலிருந்து ரௌட்டருக்கு ஒருமுறை, ரௌட்டரிலிருந்து பெட்டிக்கு மறுமுறை. இரண்டு பயணத்துக்கும் ஒரே அலைவரிசைதான்; ஒன்று பேசும்போது மற்றது வாய் மூடிக் காத்திருக்க வேண்டும். ரௌட்டர் கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் பெட்டியை அதனுடன் கேபிளால் இணைத்தோம். ஒரு பயணம் மிச்சமாயிற்று. மடிக்கணினியையும் அதேபோல் கேபிளில் இணைத்து அளந்தால் ஒன்றரை நிமிடம், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 9. சராசரிக்குப் போதும். அப்படியும் படம் நின்றது.

இதை எங்களுக்குப் புரியவைத்தது அருகிலிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரிதான். மழை நான்கு மாதம் பெய்கிறது. சென்னை பன்னிரண்டு மாதமும் குடிக்கிறது. இடைவெளியை நிரப்புவது ஏரி. விளையாட்டுப் பெட்டிக்குள்ளும் இப்படி ஒரு தேக்கம் உண்டு. வரும் படத்தைச் சற்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு சீராக வெளியே விடும். ஆனால் செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பெட்டியின் தேக்கமோ சில வினாடிகள்தாம். வைஃபையில் அலை சிதறினால் அதே துண்டை மறுபடி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். அந்தச் சில வினாடி வரத்து நின்றால் தேக்கம் வறண்டுவிடும். பத்து ஆண்டுகளுக்குப் பின் 2019 கோடையில் அந்த ஏரியே வறண்டு கிடந்ததைப் பார்த்தபோது எங்களுக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. சராசரி மழையளவு ஊரைக் காப்பாற்றுவதில்லை.

சரி, உள்ளறையிலிருந்து வரும் அலை ஏன் சிதறியது? கணினி மேசைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அதை ஒட்டி உள்ளறையில் ஓர் இரும்பு பீரோ, ஆள் உயரத்துக்கு மேல். அது அம்மாவின் பீரோ. இரும்புத் தகட்டை வானொலி அலை ஊடுருவாது. சுற்றி வளைத்து, கதவு வழியாக எதிரொலித்து வந்ததுதான் எங்களுக்குக் கிடைத்த படம்.

ஒரு நாள் சோதனைக்காக நீளமான கேபிள் ஒன்றை உள்ளறைக் கதவு வழியாகத் தரையில் இழுத்துவிட்டோம். அதே 100 மெகாபைட் பத்து வினாடிக்குள் வந்து சேர்ந்தது. படம் எண்ணெயாக ஓடியது. இடைவேளையில் தண்ணீர் குடிக்க எழுந்த ஐயாவின் கால் வாசற்படியில் அந்தக் கேபிளில் சிக்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. நாங்கள் யாரும் எதுவும் பேசாமல் கேபிளைச் சுருட்டி வைத்தோம். கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்றால், விடியற்காலையில் அவர் உட்கார்ந்து எழுதும் இடம் அந்த மேசை. மீதமிருந்த வழி பீரோவை நகர்த்திச் சுவரில் துளையிடுவது. அதை எங்களில் எவரும் வாயால் சொல்லவில்லை.

அப்படியே யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு (1953) வந்து சேர்ந்தோம். பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்குப் போய்த் திரும்பும் முதிய தம்பதியின் கதை. ஊர் திரும்பியதும் மனைவி இறந்துவிடுகிறாள். 136 நிமிடம். அன்று அதிகம் தொல்லையில்லை. கடைசியில் கிழவர் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், கையில் விசிறியோடு. பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். பிறகு அசைவே இல்லை. நாங்களும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐயாதான் கேட்டார்:

“படம் நின்னுபோச்சா தம்பி, இல்ல அவரு அப்படித்தான் உக்காந்திருக்காரா?”

விசிறியைப் பார்த்தோம். அது பாதி வீச்சில் நின்றிருந்தது.

“நின்னுடுச்சுங்க ஐயா.”

“அப்படியா” என்றார். சற்றுக் கழித்து, “எனக்கு வித்தியாசம் தெரியல” என்றார். மிச்சத்தை அன்று பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைத்தார். “சுவத்துல ஓட்டை போட ஆள் கூப்பிடணுமா, நீங்களே போட்டுருவீங்களா?”

ஞாயிறு காலை நால்வரும் போனோம். பீரோவை நகர்த்த வேண்டுமானால் முதலில் காலி செய்ய வேண்டும். நாங்கள் உதவ முற்பட்டபோது கையமர்த்திவிட்டார். ஒவ்வொரு புடவையாக அவரே எடுத்துக் கட்டிலில் அடுக்கினார். நாங்கள் கூடத்தில் காத்திருந்தோம். பதினோரு மணி ஆயிற்று. பிறகு “வாங்க” என்றார். பீரோ நின்ற இடத்தில் சுவரின் பழைய நீலம் மங்காமல் இருந்தது. கேபிளின் தலை நுழையும் அளவுக்குப் பெரிய துளை வேண்டாம், கம்பி மட்டும் நுழைந்தால் போதும், தலையைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து சுவரின் அடியில் சிறியதாக ஒன்று போட்டோம். உள்ளே எட்டு இழைகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிகள். வண்ண வரிசையில் பச்சையையும் நீலத்தையும் மாற்றி மாட்டியதில் முதல் தலை வீணாயிற்று. இரண்டாவது சரியாக வந்தது. பீரோவைத் துளைக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். புடவைகளை உள்ளே வைக்கும் வேலையையும் ஐயாவே செய்தார்.

அன்று மாலை ‘டோக்கியோ ஸ்டோரி’யின் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் மறுபடி போட்டோம். பக்கத்து வீட்டு அம்மாள் போகிறாள். கிழவர் உட்கார்ந்திருக்கிறார். விசிறி மெல்ல அசைகிறது. துறைமுகத்தில் ஒரு படகு போகிறது. யாரும் எழவில்லை, யாரும் கணினி அறைப் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் இத்தனை மாதம் உழைத்தது வேகத்துக்காக என்று எண்ணியிருந்தோம். ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்திருப்பதைச் சந்தேகமில்லாமல் பார்ப்பதற்காகவே அத்தனையும் தேவைப்பட்டது.

இன்று தொலைக்காட்சிகள் தாமாகவே இணையத்திலிருந்து படம் எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பெட்டி எப்போதோ பழுதாகிப் போயிற்று. ஆனாலும் படம் திணறுகிறது என்று நண்பர்கள் கேட்டால் நாங்கள் சொல்வது அன்று கற்றதைத்தான்: முதலில் அளந்து பாருங்கள், கேபிள் போட முடிந்த இடத்தில் கேபிள் போடுங்கள், நடுவே என்ன நிற்கிறது என்று பாருங்கள். அதை நகர்த்தலாமா என்பதை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.