மலைத் திருவிழாவும் வாடகை சர்வரும்

ஜவ்வாது மலை என்றதும் காவலூர் நினைவுக்கு வரும். அங்கே 1986இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கியின் புகழ் பெரிது. அவ்வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், 2025 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திர கிரகணத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டிற்று. விண்ணில் உலவும் நிலவே வீட்டுக்குள் வரும்போது, எங்கள் மலையூர்த் திருவிழா திருப்பூருக்குப் போகக் கூடாதா? பனியன் கம்பெனிகளில் உழைக்கும் என் அண்ணன்மார் அதைக் கண்டு ஆண்டுகள் சில ஆயினவே!

நண்பர்கள் கூடி ஆராய்ந்தோம். எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் மெலிந்தது. காண்போர் ஒவ்வொருவருக்கும் இங்கிருந்தே படம் அனுப்புவது குருவி தலையில் பனங்காய். ஒரே ஒரு வீடியோவை மேலே அனுப்பிவிட்டால் போதும். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிராபிக்ஸ் சர்வர் அதைப் பல அளவுகளில் சுருக்கி, அவரவர் இணைப்புக்கு ஏற்ப வழங்க வழி செய்யும்.

எந்தக் கார்டு உள்ள சர்வரை எடுப்பது? விலை உயர்ந்ததே சிறந்தது என்றனர் சிலர். ஆராய்ந்தபோது வியப்பே மிஞ்சியது! என்விடியாவின் ஏ100, எச்100 கார்டுகள் செயற்கை நுண்ணறிவுப் பணிக்கு யானை பலம் கொண்டவை. ஆனால் வீடியோவைச் சுருக்குவதற்கான தனி உறுப்பு அவற்றில் இல்லை. 2018இல் வந்த எளிய டி4 கார்டில் அது உண்டு. எங்கள் கையிருப்புக்கும் அதுவே ஏற்றது. கடல் கடந்து போய்வந்தால் தாமதம் கூடும் என்பதால், மும்பையில் உள்ள சர்வரையே தேர்ந்தோம். விழா முடிந்ததும் மறவாமல் அதை நிறுத்த வேண்டும். இயங்கும்வரை வாடகை ஏறும்!

வரும் விழாவில் எங்கள் ஊர் மேளமும் ஆட்டமும் அண்ணன்மாரின் கையகலத் திரையில் தெரியும். ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆளுக்கு மட்டுமா, கருவிக்கும் அது பொருந்துமன்றோ?