எந்த வாசல்?

மே 8, 2025

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. அக்கா மகன் காமர்ஸ் குரூப்பில் நல்லபடியாகத் தேறியிருக்கிறான். ஆனால் வீட்டில் மார்க்கைப் பற்றிப் பேச ஆளில்லை. நேற்று விடியற்காலையிலிருந்து டி.வி. முழுக்க பாகிஸ்தான் மீதான ஆபரேஷன் சிந்தூர் தாக்குதல்தான். "மாமா, ஆர்மியா, நேவியா, ஏர்ஃபோர்ஸா? எதுல சேரட்டும், சொல்லுங்க" என்கிறான். சமையலறையிலிருந்து அக்கா, "இன்னிக்குப் பார்த்தா இந்தப் பேச்சு எடுக்கணும்?" என்று கரண்டியோடு வந்தாள்.

வேலூர்ப் பக்கத்துப் பையன் கேட்க வேண்டிய கேள்விதான். பக்கத்திலிருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் பட்டாளம் என்றால் ஆர்மி மட்டும்தான். ஆனால் காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அரக்கோணம். அங்கே கடற்படையின் ராஜாளி விமானத்தளம் இருக்கிறது. கடலே இல்லாத ஊரில் நேவி இருப்பதை இவன் நம்பவே மறுக்கிறான்.

மே 10

மாலையில் சுபேதார் அண்ணன் வீட்டுக்கு அவனைக் கூட்டிப்போனேன். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர், வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். 1758-இல் தொடங்கிய படை என்று ஆரம்பித்தார். "ஆர்மிதான்டா. அதுல என்ன யோசனை?" என்றார். சண்டை நிறுத்தம் என்று செய்தி வந்தது அப்போதுதான். அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். மறுமுனையில் மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது.

பையன் மார்ச்சிலேயே அக்னிவீருக்கு விண்ணப்பித்துவிட்டான். ஜெனரல் டியூட்டி ஒன்று, கிளார்க் ஒன்று. அதைச் சொன்னதும் அண்ணனின் குரல் மாறியது. 2022-இல் வந்த திட்டம் இது. நான்கு ஆண்டு வேலை. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்குச் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் கிடையாது. "எனக்கு பென்ஷன் வருது, கேன்டீன் இருக்கு, வைத்தியம் இருக்கு. இவன் இருபத்திரண்டு வயசுல திரும்ப வேலை தேடணும்" என்றார். நேவியில் சேர்ந்தாலும் ஏர்ஃபோர்ஸில் சேர்ந்தாலும் அதே நான்கு ஆண்டுதானே என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

மே 13

பையனை உட்காரவைத்துப் பேசினேன். வெள்ளை உடையா, நீல உடையா, பச்சை உடையா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு படைக்கும் இரண்டு வாசல்: ஒன்று சிப்பாய்க்கு, இன்னொன்று அதிகாரிக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் வாசல் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமி என்றேன். கேள்விப்பட்டதே இல்லை என்றான். பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வரை எழுதலாம், ஆண்டுக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், அதற்குப் பிறகு ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்கு இன்னொரு 900. அதில் ஒரு சோதனையில் அறுபது சொற்களைத் திரையில் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நொடிக்குள் மனதில் தோன்றியதை எழுத வேண்டும். தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு ஆர்மிக்கு டேராடூன், நேவிக்கு எழிமலை, ஏர்ஃபோர்ஸுக்கு துண்டிகல்.

"எழுத்துல கணக்குக்கு எவ்வளவு மாமா?"

"முந்நூறு."

சிரித்துவிட்டான். கணக்கிலிருந்து தப்பிக்கத்தான் பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்தான். காமர்ஸ் படித்தவன் என்.டி.ஏ.வில் ஆர்மிக்கு மட்டும்தான் போட்டியிட முடியும். நேவி, ஏர்ஃபோர்ஸ் பிரிவுகளுக்கு இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். ஆக, மூன்றில் எது என்று இப்போது என்னிடம் கேட்கிறானே, என்.டி.ஏ. வாசலைப் பொறுத்தவரை பதினைந்து வயதில் குரூப் படிவத்தை நிரப்பிய அன்றே அதற்குப் பதில் எழுதிவிட்டான். அந்தப் படிவத்தில் ராணுவம் என்ற சொல்லே இருக்காது.

இன்னொன்றும் உறுத்துகிறது. அக்னிவீர் ஆன்லைன் தேர்வை இப்போது தமிழிலேயே எழுதலாம். என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். எந்த வாசலைத் தமிழில் திறந்துவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மேஜர் முகுந்த் வரதராஜன் மீது இவனுக்குப் பக்தி. அவரைப் பற்றிய 'அமரன்' பட வசனமெல்லாம் மனப்பாடம். அவர் என்ன படித்தார் தெரியுமா என்றேன். தெரியாது. பி.காம். பட்டம் முடித்துவிட்டு, சென்னை ஓ.டி.ஏ. என்கிற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி எடுத்து அதிகாரியானவர். பையன் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மே 16

பத்தாம் வகுப்பு ரிசல்ட். பையனின் தங்கை அண்ணனைவிடக் கெட்டி. இந்த நாட்களில் விங் கமாண்டர் வ்யோமிகா சிங் பத்திரிகையாளர்களிடம் பேசியதை அவள் விடாமல் பார்த்திருக்கிறாள். "அவங்க ஹெலிகாப்டர் ஓட்டறவங்களாம் மாமா. அதுக்கு எந்த குரூப் எடுக்கணும்?" இருபது வருஷமாக இயற்பியல் வாத்தியாராக இருக்கிறேன். குரூப் எடுப்பதற்கு முன்னால் யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று இருந்தது. மேத்ஸ் குரூப் என்றேன். அக்காவின் கோபம் என் மேல் திரும்பிவிட்டது.

மே 31

நேற்று கடக்வாஸ்லாவில் முதன்முறையாகப் பதினேழு பெண்கள் பயிற்சி முடித்து அணிவகுத்திருக்கிறார்கள். பெண்களும் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022-இல் உள்ளே போனவர்கள். செய்தித்தாளை அக்கா பார்க்கும்படி மேசையில் விரித்து வைத்தேன். படித்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊருக்குப் பதில் சொல்றது யாரு, நீயா?" என்றாள். நான்தான் என்றேன்.

ஜூன் 3

பெண்ணுக்கு மேத்ஸ் குரூப் கிடைத்துவிட்டது. பையன் இரண்டு படகிலும் கால் வைத்திருக்கிறான், அதில் தப்பில்லை. மாதக் கடைசியில் அக்னிவீர் தேர்வு தொடங்குகிறது, பி.காம். சேர்க்கைக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. காலையில் சுபேதார் அண்ணன் விசிலோடு மைதானத்துக்கு வந்துவிடுகிறார். அக்னிவீர் உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் அதற்குரிய முழு 60 மதிப்பெண். கடைசிச் சுற்றில் பையனுக்கு மூச்சு வாங்குகிறது. அண்ணன் திட்டும் திட்டு மெயின் ரோடு வரை கேட்கிறது.

சனிக்கிழமை மருமகளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். பைலட்டாக நிறங்களைப் பிரித்தறியும் பார்வை குறையில்லாமல் இருக்க வேண்டும். அது சரியில்லை என்று இரண்டு வருஷம் கழித்து எஸ்.எஸ்.பி. முடிந்து மருத்துவச் சோதனையில் தெரிவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அக்காவும் வருகிறாளாம்.