அவுட்டோர் யூனிட்டுக்கும் மூச்சு முட்டும்!

ஏசி வாங்கும்போது எத்தனை ஸ்டார், எத்தனை டன், எவ்வளவு டிஸ்கவுன்ட் என்று கடைக்காரரைக் குடைந்து எடுத்துவிடுவார்கள். அவுட்டோர் யூனிட்டை எங்கே மாட்டுவது என்பதை மட்டும் ஃபிட்டிங் செய்ய வருபவரிடம் விட்டுவிடுவார்கள். அவருக்கு ஏணி எங்கே எட்டுகிறதோ அதுதான் இடம்! கரண்ட் பில் எகிறும் கதை அங்கேதான் ஆரம்பம்.

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை மக்களே. அறையில் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். (குளிர் நாடுகளில் இதே வேலையைத் திருப்பிச் செய்து, வெளிக்காற்றின் சூட்டை வீட்டுக்குள் கொண்டு வருவார்கள். அங்கே பெயர் ஹீட் பம்ப்.) காமர்ஸ் பாஷையில் டபுள் என்ட்ரி. 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் உள்ளேயிருந்து 5 கிலோவாட்டுக்குச் சற்று மேல் சூட்டை எடுக்கும். அதற்கு எரியும் கரண்ட் ஒன்றரை கிலோவாட் போல. இரண்டும் சேர்ந்து வெளியே போகும். சந்துக்குள் ஆறு இஸ்திரிப் பெட்டியை ஆன் பண்ணி வைத்த மாதிரி!

ராயபுரம், காசிமேடு பக்கம் சில சந்துகளில் கை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர். அங்கே ஊதிய சூடு சுவரில் மோதித் திரும்பும், அதையே யூனிட் மறுபடி இழுக்கும். இழுக்கும் காற்று ஒரு டிகிரி கூடினால் கரண்ட் தோராயமாக 2, 3 சதவீதம் கூடும். 35 டிகிரி காற்றில் டெஸ்ட் செய்த மெஷின், சந்தில் 42 டிகிரியைக் குடித்தால் ஐந்து ஸ்டாரும் என்ன செய்யும்?

அப்புறம் இந்தத் தகரப்பெட்டி, தார்ப்பாய் சமாச்சாரம். வெயில் படாமல் இருக்க மூடுகிறார்களாம். நிழலால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான், காற்று அடைபட்டால் நஷ்டம் அதைவிடப் பெரிது. திருட்டுக்குப் பயந்தால் அகலக் கம்பி வைத்த கூண்டு போதும்.

சரி, எங்கே வைப்பது? மொட்டை மாடி நல்லது, பைப் ரொம்ப நீளாமல் இருந்தால். கைப்பிடிச் சுவரை ஒட்டாமல், ஓரடி ஸ்டாண்ட் போட்டு, முன்பக்கம் திறந்து விடுங்கள். ஃபேன் நேராகக் கிழக்கே பார்க்க வேண்டாம். மதியம் வரும் கடல்காற்று அதை எதிர்த்துத் தள்ளும். வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். தரையோடு வைக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் வந்ததை மறந்துவிடக் கூடாது.

திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. உப்புக்காற்றும் தூசியும் அலுமினியத் தகடுகளில் படிந்து அரிக்கும், காற்றையும் அடைக்கும். மெயினை ஆஃப் செய்துவிட்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம்.

கடைசியாக, எதிர்வீட்டு ஜன்னல் எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை பாருங்கள். அங்கே ஏசி இல்லாமல் இருக்கலாம். உங்கள் வீட்டுச் சூட்டை அவர்கள் வீட்டு ஃபேன் ராத்திரி முழுக்கச் சுற்றி அடிக்கும். அந்தக் கணக்கு எந்த ஈ.பி. கார்டிலும் ஏறாது.