கிண்ணமும் வீழ்ச்சியும்

வெற்றியை அளக்கும் முறை இருவகைப்படும். ஆண்டு முழுதும் ஆற்றிய உழைப்பைக் கூட்டிக் காண்பது ஒன்று. குறித்த நாளிற் களத்தில் நின்று காட்டிய திறத்தை நோக்குவது மற்றொன்று. இவ்விரண்டனுள் எது மெய்யான சான்று என்னும் வினா மாணவராகிய எமக்கு வெறும் பொழுதுபோக்கன்று; வகுப்பின் மதிப்பெண் வரிசையில் யாம் என்றும் நடுவிடத்தேமே. ஆதலின் இங்கிலாந்து தேசத்துக் காற்பந்தாட்டத்தில் வைத்து இதனை ஆராயப் புகுந்தோம்.

ஆண்டுத் தலைப்பிரிவு லீக்கில் இருபது கட்சிகள், ஒவ்வொன்றும் 38 ஆட்டம் ஆடிப் புள்ளி சேர்க்கும். 1871-ஆம் ஆண்டு தொடங்கிய எஃப்.ஏ. கிண்ணப் பந்தயமோ, தோற்றவர் நீங்கும் முறையினது. யார் யாரோடு பொருதுவது என்பதைச் சீட்டெடுத்தே துணிவர். எனவே பெருஞ்செல்வக் கழகமும் சிற்றூர்க் கழகமும் ஒரே களத்தில் எதிர்நிற்றல் கூடும்.

2012-13-ஆம் பருவத்தில் விகன் அத்லெட்டிக் கழகத்தார் லீக்கில் அடிவரிசையில் அல்லலுற்றனர். அவரே கிண்ணப் பந்தயத்தில், போர்ன்மத் கட்சியோடு 1-1 எனச் சமனாகி, மறு ஆட்டத்தில் வென்றனர். மாக்கில்ஸ்ஃபீல்டு, ஹடர்ஸ்ஃபீல்டு கட்சிகளைக் கடந்தனர். எவர்ட்டனை அதன் சொந்தக் களத்திலேயே 3-0 என வீழ்த்தினர். மில்வாலையும் வென்று இறுதியாட்டத்தை எய்தினர்.

2013 மே 11-இல் வெம்பிளிக் களத்தில் எதிர்ப்பட்டவர், முந்திய பருவத்து லீக் வாகையராகிய மான்செஸ்டர் சிட்டியார். 84-ஆம் நிமிடத்தில் சிட்டி வீரர் சபலேட்டாவை நடுவர் வெளியேற்றினார். தொண்ணூறு நிமிடமும் கழிந்தபின், மூலையினின்று வந்த பந்தைப் பென் வாட்சன் தலையால் முட்டி வலையுட் செலுத்தினார். அப்பருவத்திலேயே கால் முறிந்து பல மாதம் ஒதுங்கியிருந்தவர் அவர். அன்றும் மாற்றாளாகவே இறங்கினார். 1-0 எனக் கிண்ணம் விகனுக்காயிற்று.

மூன்றே நாள் கழிந்தது. மே 14-இல் அர்சனலிடம் 4-1 எனத் தோற்று, விகன் கீழ்ப்பிரிவிற்குத் தள்ளப்பட்டது. ஒரே பருவத்தில் கிண்ணமும் வென்று, தலைப்பிரிவினின்றும் இழிந்த கட்சி அதற்குமுன் இருந்ததில்லை.

விடுதியில் எம்மோடு உறையும் கணித மாணவர் ஒருவர், "கிண்ணம் குருட்டு யோகம், 38 ஆட்டமே சான்று" என்பர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. ஒருநாள் ஒளிர்ந்தோர் என்றும் ஒளிர்வர் என்பதற்கு உறுதி யாது? ஆயினும், யோகம் ஒன்றே காரணமாயின், 2014 மார்ச்சில் இரண்டாம் பிரிவினின்றே வந்த விகன், சிட்டியாரை அவர்தம் களத்தில் 2-1 என வென்றது எங்ஙனம்? 2018-இல் மூன்றாம் பிரிவில் இருந்தபோது 1-0 என மீண்டும் வென்றது எங்ஙனம்? இவற்றை அவரிடம் உரைத்தோம். அவர் இன்னும் இணங்கினாரில்லை.

எமது துணிபு இது: கிண்ணம் அக்கழகத்தை வீழ்ச்சியினின்று காக்கவில்லை, வீழ்ச்சியும் கிண்ணத்திற் பொறித்த பெயரை அழிக்கவில்லை. இவ்விரு கணக்கும் வெவ்வேறு. ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறைவிற் கழித்தல் முறையன்று. நாள்தோறும் உழைத்தல் எம் கடன். நடுவரிசையில் நிற்பினும், நமக்குரிய நாள் வருங்கால் அஞ்சாது களம் புகுதலும் கடனே.