மாடியில் நாயனம்!

தம்பிக்கு அடையாறு ஆற்றங்கரை அரசு இசைக் கல்லூரியில் நாகஸ்வரம் படிக்க இடம் கிடைத்தது. மன்னார்குடியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிவிட்டான். நான் இருந்ததோ திருவல்லிக்கேணி மேன்ஷன். குறட்டை விட்டாலே பக்கத்து ரூம்காரர் பஞ்சாயத்துக்கு வருவார். அங்கே விடியற்காலை சாதகமாவது!

நாலு ஞாயிற்றுக்கிழமை கிரீன்வேஸ் ரோடு, ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளி என்று அலைந்தோம். 'மியூசிக் காலேஜ் பையன்' என்றதும் எல்லார் முகமும் மலரும்.

"வீணையா, வயலினா?"

"நாயனங்க..."

அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து மகன் வரப்போவது திடீரென்று ஞாபகம் வந்துவிடும். கல்யாணத்துக்கு வேணும், மாடிக்கு வேணாம்!

ஒருத்தர் மட்டும் சுற்றி வளைக்காமல், "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். படி இறங்கும்போது தம்பி வாயே திறக்கவில்லை. நாயன உறையை மார்போடு அணைத்தபடி நடந்தான்.

இன்னொருத்தர் கேட்டது பத்து மாச அட்வான்ஸ். "2019-ல் அமலுக்கு வந்த சட்டப்படி மூணு மாசம்தானே சார்?" என்றேன். "வேற மாதிரி ஒப்பந்தம் போடலைன்னாத்தான் தம்பி அந்த மூணு!" மனுஷர் என்னைவிட நன்றாகப் படித்திருந்தார்.

கடைசியில் கிடைத்தது மந்தைவெளியில், பறக்கும் ரயில் பாதையை ஒட்டி ஒரு மொட்டைமாடி ரூம். "ரயிலை விடவா சத்தமா ஊதிடப் போறான்? ஆறு மணிக்கு மேல ஊதச் சொல்லு" என்றார் வீட்டுக்காரப் பெரியவர்.

போன வாரம் தம்பிக்குக் காய்ச்சல். ஆறரை மணிக்குக் கதவைத் தட்டினார்.

"என்னப்பா, ரயில் மட்டும்தான் வந்துச்சு. தம்பி எங்கே?"