பதிலடிக்கு ஒரு பல்பு

காருக்குப் பிரகாசமான பல்பு போடவேண்டும் என்று நான் கிளம்பியதற்கு வீட்டில் சொன்ன காரணம் ஒன்று, மனசுக்குள் இருந்தது இன்னொன்று. ராத்திரியில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்று வீட்டில் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற வழியில், எதிரே வருகிறவர்கள் டிம் பண்ணாமல் வெள்ளை வெளிச்சத்தை முகத்தில் அடித்துவிட்டுப் போகும்போதெல்லாம், ‘இருடா, உனக்கும் ஒருநாள் வச்சிருக்கேன்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபம்தான் பல்பு தேடியது. எனக்கு வேண்டியிருந்தது பதிலடி. வெளிச்சம் அதற்கு ஒரு சாக்கு.

என் கார் பழைய சின்னக் கார். அதில் இருப்பது எச்4 வகைப் பல்பு. ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். உதிரிபாகக் கடையில் கேட்டால் அதே ஹோல்டரில் உட்காரக்கூடிய 100/90 வாட் பல்பை எடுத்து வைப்பார்கள். அதற்கு மேலும் உண்டு. நீலப் பூச்சு பூசிய பல்பு, பின்னால் குட்டி மின்விசிறி சுழலும் எல்.இ.டி., ‘130 சதவீதம் கூடுதல்’ என்று அட்டையில் அச்சடித்த பல்பு என்று வரிசையாக இருக்கும். நான் 100/90 ஜோடி ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன்.

அவர் என்னைவிட இளையவர். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், பிரிக்கவில்லை.

“அண்ணே, இது இருக்கட்டும். முதல்ல இருக்கிற பல்புக்குக் கரண்டு போய்ச் சேருதான்னு பாப்போம்.”

இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரை பேட்டரியில் வைத்தார். 13.8 வோல்ட். பல்பு ஹோல்டரில் வைத்தார். 12.3. ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. ஒன்றரைதானே என்றேன். ஹாலஜன் பல்பின் கணக்கு அப்படி நேர்கோட்டில் போவதில்லை. மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். இத்தனை நாள் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தை ஒயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் விட்டுவிட்டு, பல்பு சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் எளிது. இந்தப் பழைய ஒயரிங்கில் விளக்குக்கான மொத்தக் கரண்டும் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வரை வந்து, அங்கிருந்து திரும்பி முன்னால் போகிறது. டிம்மில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 110 வாட், சுமார் 9 ஆம்பியர். நான் வாங்கிவந்த ஜோடியைப் போட்டால் அது 180 வாட், 15 ஆம்பியர். மெல்லிய ஒயரில் கூடுதல் கரண்டு ஓடினால் இழப்பும் கூடும், சூடும் கூடும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உருகி, பல்பின் கால்களோடு ஒட்டிக் கருகியிருந்தது. யாருடைய வண்டி என்று கேட்கவில்லை. தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வது இருக்கட்டும், அந்த ஹோல்டரே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ரிலே போட்டார். இனி சுவிட்ச் வெறும் உத்தரவு மட்டும் கொடுக்கும். பல்புக்கான கரண்டு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, தடிமனான ஒயரில் நேராகப் போகும். எர்த்தைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினார். பழைய பல்பே வேறு பல்பு மாதிரி எரிந்தது.

அடுத்து ஹெட்லைட்டின் டூமைக் கையால் தடவிப் பார்த்தார். வெயிலில் நின்று நின்று மஞ்சள் பூத்திருந்தது. முன்பெல்லாம் ஹெட்லைட்டின் முகப்பு நிஜக் கண்ணாடி. இப்போது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல்பூச்சைப் புற ஊதாக் கதிர் அரித்துவிட்டால் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். வெளிச்சம் குறைவது அதில் பாதிக் கேடுதான். மீதிக் கேடு, வெளியே வருகிற வெளிச்சம் ரோட்டில் விழாமல் நாலாபக்கமும் சிதறுவது. மேலே சிதறுவது எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகிறது. அப்படியானால் அவர்களும் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பார்கள். வாட்டர் பேப்பரில் சொரசொரப்பானதில் தொடங்கி நைசானது வரை தேய்த்து, காம்பவுண்டு போட்டு, மேலே புற ஊதாவைத் தடுக்கும் பூச்சும் அடித்தார். அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகிவிடும்.

பல்பைப் பற்றி அவர் சொன்ன பாடம் இதற்குப் பிறகுதான் எனக்கு ஏறியது. எச்4 பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைத்துவிடுகிறது. ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, அது ரோட்டை நோக்கிக் கீழே விழுகிறது. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றுவது அந்தத் தகடும், இழை மயிரிழை பிசகாமல் தன் இடத்தில் இருப்பதும்தான். எல்.இ.டி. பல்பில் இழை கிடையாது. சில்லுகள் வேறு வடிவில், வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். இழைக்காக வளைத்த ரிஃப்ளெக்டரில் அதைச் செருகினால் வெளிச்சம் ஏராளமாக வரும், வரவேண்டிய இடத்துக்கு மட்டும் வராது. நீலப் பூச்சு, இழை கொடுக்கிற வெளிச்சத்தில் ஒரு பங்கை வடிகட்டி வெளியே விடுகிறது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், ரோட்டுக்கு வருவது குறைவு.

‘130 சதவீதம்’ என்ற கதையும் அதுதான். முறையான எச்4 பல்புக்குப் பிரைட்டில் 1650 லூமென், டிம்மில் 1000 லூமென், அதிலிருந்து 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது சர்வதேச அளவுகோல். அதற்குள் நின்று மொத்த வெளிச்சத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்க முடியாது. இழையை மெல்லியதாக, நெருக்கமாகச் சுற்றி, ரோட்டின் ஒரு பகுதியில் வெளிச்சத்தைக் குவிக்கிறார்கள். பயன் உண்டு. ஆனால் ஆயுசு குறையும்.

நான் வாங்கி வந்ததைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதாரண 60/55 பல்பிலேயே நல்ல ஜோடியாக வாங்கினேன். குமிழில் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டினார். விரலின் எண்ணெய் ஒட்டினால் சூட்டில் அந்த இடத்திலேயே குமிழ் பழுதாகும். கடைசியாக வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு பல்பின் உயரத்தைவிட 5 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகை முடுக்கினார். ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு குமிழ் இருந்தது. நான் அதுவரை தொட்டதேயில்லை. பின்சீட்டில் ஆள் ஏறி, டிக்கியில் மூட்டையும் இருந்தால் வண்டியின் முன்பக்கம் தூக்கும், வெளிச்சமும் தூக்கும். அப்போது இந்தக் குமிழைத் திருகி இறக்கவேண்டும்.

எல்லாம் முடிந்து காசு கொடுக்கும்போது, “அண்ணே, கண்ணையும் ஒருதடவ காட்டிருங்க” என்றார். சுருக்கென்றது. அந்தப் பன்னிரண்டு வோல்ட், பதிமூன்று வோல்ட் பேச்சையெல்லாம் விட இதைக் கேட்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுப் புரை ஆரம்பித்திருக்கிறது என்றார். வயதாக ஆக இருட்டிலும் கண்பாப்பா முன்போல் விரிவதில்லை. வில்லை மங்க மங்க, வருகிற ஒளி உள்ளேயே சிதறுகிறது. என் காரின் டூமுக்கு வந்த அதே நோய். ஊர்க்காரர்கள் எல்லோரும் திடீரென்று ஹெட்லைட்டைக் கூட்டிவிட்டார்கள் என்று நான் நினைத்ததில் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் என் கண்.

தைப்பூச சமயத்தில் அந்தப் பழனி ரோட்டில் விடிய விடியப் பாதயாத்திரைக் கூட்டம் நடக்கும். பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமிருந்தும் பிரைட் அடித்துக்கொண்டு இரண்டு வண்டிகள் நெருங்கும்போது, நடுவே ஓரமாகப் போகிறவர் மறைந்தேவிடுவார். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. ஆளைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க ஏறக்குறைய 70 மீட்டர் வேண்டும். டிம் வெளிச்சத்தில் கறுப்புச் சட்டைக்காரரை 50, 60 மீட்டரில் பார்த்துவிட்டால் அதிர்ஷ்டம். எந்தக் கடையிலும் இந்த இடைவெளிக்குப் பல்பு கிடைக்காது. வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

இப்போதும் டிம் பண்ணாமல் வருகிறவரைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்கிறது. ஒருதடவை பிரைட்டைத் தட்டிக் காட்டுவேன். அவர் இறக்காவிட்டாலும் நான் இறக்கிவிடுவேன், பார்வையை ரோட்டின் இடதுபக்க வெள்ளைக் கோட்டுக்கு மாற்றிக்கொண்டு காலைத் தளர்த்துவேன். இது பெருந்தன்மை ஒன்றுமில்லை. என்னை நோக்கி அத்தனை வேகத்தில் வருகிற வண்டியின் டிரைவருக்கு, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் சரி, கண் தெரியவேண்டியது எனக்குத்தான் அவசியம்.